எடை மேடையும் ஆடிக் கூழும்

என் அறுபத்திரண்டாம் வயதில், உடம்பை எடைபோட்டுக்கொள்வதற்காக மட்டுமே ஞாயிறுதோறும் மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் சென்று வந்தேன். இப்போது சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், அப்போதும் சிரித்தார்கள். எங்கள் ஊரை ஒட்டிய திருவள்ளூரில் எடை பார்க்கும் பொறிகளுக்குக் குறைவில்லை. தொடர்வண்டி நிலையத்திலேயே, காசு போட்டால் அட்டைச் சீட்டை நீட்டும் பொறி ஒன்று வண்ண விளக்குகளைச் சுழற்றிக்கொண்டு நின்றது. ஆனால் அதன்மேல் ஏற ஒரு படி உண்டு. அந்தப் படிக்கு என் கால் எழாது.

கடம்பத்தூரில் பெண்கள் பள்ளியொன்றில் நெடுங்காலம் தமிழாசிரியையாக இருந்தேன். நின்றுகொண்டே பாடம் சொல்வது என் பழக்கம். ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குள் முதலில் வலது முழங்காலும் பிறகு இடது முழங்காலும் தேய்ந்தன. நடை குறையக் குறைய உடல் பெருத்தது. உடல் பெருக்கப் பெருக்க முழங்கால் மேலும் நொந்தது. எலும்பு மருத்துவரிடம் சென்றால், எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் முழங்கால் மூட்டை மாற்ற முடியும் என்றார். பத்தியம் இருந்து பார்த்தேன். சில கிலோ போகும், போன வேகத்திலேயே திரும்பி வரும். இரைப்பையைச் சிறிதாக்கி எடையைக் குறைக்கும் அறுவை சென்னையில் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பங்குனி மாதத்தில் அங்கே சென்றோம். எங்கள் பக்கத்தில் அதைச் செய்துகொண்டவர் எவரையும் அப்போது நாங்கள் அறிந்திருக்கவில்லை.

அறுவை மருத்துவர் என்னிடம் படித்த பெண்களைவிட இளையவர். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு நிபந்தனைகள் வைத்தார். அறுவைக்கு முன்பே பத்துக் கிலோ குறைந்து வரவேண்டும். கல்லீரல் சுருங்கினால்தான் உள்ளே அவருக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். அடுத்தது, எவர் கையையும் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து, நடைச்சட்டத்தின் துணையோடு மருத்துவமனை நடைக்கூடத்தின் கடைசிவரை நடந்து காட்டவேண்டும். அறுவை முடிந்த அன்றே எழுந்து நடக்காதவர்களுக்குக் காலில் இரத்தம் உறைந்துவிடும் ஆபத்து உண்டு என்றார். இரண்டும் ஆகாவிட்டால் கத்தியைத் தொடமாட்டேன் என்பதையும் சிரித்த முகத்தோடே சொல்லி, ஆடி முடிந்ததும் வரச்சொன்னார்.

நடைச்சட்டம் என்பது நான் சூட்டிய பெயர். வீட்டில் எவரும் அதை ஏற்கவில்லை. கணவருக்கும் தெருவுக்கும் அது வாக்கர்தான். சில நாள் போராடிப் பார்த்துவிட்டு நானும் வாக்கர் என்றே கூப்பிடத் தொடங்கினேன்.

மருத்துவரின் நிபந்தனையைக் கேட்டு முதலில் வாய்விட்டுச் சிரித்தவள் எதிர்வீட்டுப் பெண். இட்லிமாவு அரைத்து விற்பவள். தெருவில் எவர் வீட்டில் என்ன நடந்தாலும் மாவுப் பாத்திரத்தோடு முதலில் வந்து நிற்பவள்.

"இன்னா டீச்சரக்கா இது? எடைய கொறைக்கத்தானே அந்தாளாண்ட போனீங்க? கொறைச்சிக்கினு வாங்கன்றாரே! துணிய தொவச்சி எடுத்துக்கினு வா, தொவைக்கிறேன்ற கதையால்ல கீது!"

நானும் சிரித்தேன். ஆனால் அந்த அறுவை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

விடியற்காலையில் கட்டிலிலிருந்து என்னால் தனியாக எழ முடியாது. கணவர் வந்து கட்டில் காலில் தம் பாதத்தை அண்டக்கொடுத்து, என் இரு கைகளையும் பற்றி, "ஐலசா!" என்று ஒரு குரல் கொடுத்துத் தூக்குவார். அந்தக் குரலில் விளையாட்டு இருந்ததால் நானும் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவருக்கு முந்திய ஆண்டுதான் குடலிறக்கத்திற்கு அறுவை நடந்திருந்தது. தண்ணீர் நிறைந்த வாளியைக்கூடத் தூக்கக் கூடாது என்று அவருடைய மருத்துவர் சொல்லியிருந்தார். என்னைத் தூக்கி நிறுத்திய பிறகு, நான் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, அவர் அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு சுவரோரம் சற்று நிற்பார். பிறகு காப்பி போடச் செல்வார். மெலிய வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்த வயதில் இல்லை. அவர் கையில்லாமல் எழவேண்டும். அவ்வளவே நான் விரும்பியது.

சென்னை மருத்துவமனையிலும் எடைப்பொறிக்குப் படி இருந்தது. செவிலியர் இருவர் இருபுறமும் தாங்கியும் என் கால் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் என்னைத் தாங்கும் அளவு அந்தப் பொறிக்கு இருந்திருக்குமா என்று அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. மருத்துவர் எங்களை உள்ளே அழைத்து, "தரையோட இருக்கிற தராசு எங்கயாவது கிடைக்குமா? வாரா வாரம் அதுலயே பார்த்து எழுதி வெச்சு, வரும்போது சொன்னாப் போதும்," என்றார்.

என் கணவரின் முகம் மலர்ந்தது. ஓய்வு பெற்ற பின்பு அப்படி ஒரு மலர்ச்சியை நான் கண்டதில்லை. "கீது சார்," என்றார். "சுத்தமான மெஷினு."

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலையொன்றில் அவர் பணியாற்றியவர். வரும் பழைய இரும்பை எடைபோட்டு உள்ளே அனுப்புவது அவருடைய வேலை. இரும்போடு ஒட்டிவரும் மண்ணையும் துருவையும் கழித்துத்தான் எடை சொல்வார் என்பதால் இரும்புக் கடைக்காரர்களுக்கு அவர்மேல் கசப்பு இருந்தது. அவர்களில் மிகுதியாகச் சண்டை போட்டவர் பழவேற்காட்டிலிருந்து வந்து தொழிற்பேட்டை ஓரத்தில் பழைய இரும்புக் கிடங்கு வைத்திருந்த பாய். சண்டை முற்றி, ஒருநாள் இருவரும் சேர்ந்து ஒரு பார இரும்பை நீரில் அலசிக் காயவைத்து மறுபடி நிறுத்துப் பார்த்தார்களாம். என் கணவர் சொன்ன எடையே வந்ததாம். அன்றிலிருந்து நட்பு.

அந்தப் பாயின் கிடங்கில், வாயிலுக்கு நேரே, தரையோடு தரையாகப் பதித்த இரும்புத் தகடுதான் எடை மேடை. எதிரே தூணில் ஒரு பெட்டி. அதில் சிவப்பு எண்கள் எரியும். ஏற வேண்டியதில்லை, நடந்து போய் நின்றால் போதும்.

முதல் ஞாயிறு அங்கே சென்றபோது எனக்கு நாணமாகத்தான் இருந்தது. ஒருபுறம் நசுங்கிய தகரமும் மறுபுறம் துருப்பிடித்த குழாய்களும் குவிந்திருக்க, லாரியிலிருந்து இறங்கிய இருவர் பீடியை மறந்து பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் பழைய வேனிலிருந்து சாய்த்துவைத்த பலகை வழியே இறங்குவதே எனக்குப் பெரும்பாடு. பாய் முன்னால் வந்தார். வெள்ளைத் தொப்பி, கறைபடிந்த லுங்கி, வாய் நிறைய வெற்றிலை.

"வாங்க டீச்சரம்மா. இத்தினி வருசமா உங்க ஊட்டுக்காரரு என் சரக்குல மண்ணு கீது, துரு கீதுன்னு கழிச்சாரு. இன்னிக்கு அவரு சரக்கு என் மேடைக்கு வந்துகீது. நான் இன்னா கழிக்கிறது சொல்லுங்க?"

"ஒண்ணும் கழிக்கவேணாம் பாய்," என்றார் கணவர். "உள்ளத உள்ளபடி சொல்லு."

முதலில் ஓர் இரும்பு நாற்காலியை மேடையில் வைத்து அதன் எடையைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னை அதில் உட்காரவைத்தார்கள். நாற்காலி சாய்ந்துவிடுமோ என்று அஞ்சிய கிடங்குத் தொழிலாளி ஒருவர் ஓடிவந்து அதன் முதுகைப் பிடித்தார். என் கணவர் பாய்ந்து வந்தார்.

"கைய எடு, கைய எடு! கை வெச்சா எடை தப்பாப் போவும்!"

சொன்னதோடு நில்லாமல் தாமும் இரண்டடி பின்வாங்கி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த நொடியில் என்னை எவரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பல மாதங்களாக, கட்டிலிலோ நாற்காலியிலோ குளியலறையிலோ, அசையும் போதெல்லாம் எவரோ ஒருவர் கை என்மேல் இருந்துகொண்டே இருந்தது. அது இல்லாதிருந்தது அச்சமாகவும் இருந்தது; இனிமையாகவும் இருந்தது. சிவப்பு எண்கள் சற்றுத் தடுமாறி நின்றன. அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. மருத்துவர், கணவர், பாய், நான் ஆகிய நால்வர் அதை அறிவோம், அது போதும்.

அதன்பின் ஞாயிறுகள் ஒழுங்குக்கு வந்தன. சோறு ஒரு கிண்ணமாயிற்று, எண்ணெய் ஒதுங்கிற்று, காப்பியில் சர்க்கரை நின்றது. மூச்சுப் பயிற்சிக்கென்று மருத்துவமனையில் ஒரு கருவி கொடுத்தார்கள். மூன்று கண்ணறைகளில் மூன்று வண்ணப் பந்துகள். குழாய் வழியே மூச்சை இழுத்தால் அவை எழும்பும். நான் இழுப்பதை எதிர்வீட்டுப் பெண் மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பாள். "மூணாவது பந்து நகரவே மாட்டுதே அக்கா. அதுக்கும் மூட்டு வலியா?" என்பாள். வைகாசியில் மூன்றாவது பந்தும் எழுந்தபோது கைதட்டியவளும் அவள்தான்.

கும்மிடிப்பூண்டியிலும் முன்னேற்றம் இருந்தது. சில வாரங்களுக்குப் பிறகு நாற்காலி வேண்டாம், வாக்கரோடு நின்றே பார்க்கலாம் என்றார் கணவர். வாக்கரின் எடையைக் கழித்துக்கொள்வது அவருக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் நிற்கும்போது என் முழங்கால் நடுங்கினால் சிவப்பு எண்களும் நடுங்கும். அசையாமல் நின்றால்தான் எண் நிலைகொள்ளும். பாய் தூணருகே நின்று, "எளகுது, எளகுது… இன்னும் கொஞ்சம் கெட்டியா நில்லுங்கம்மா… ஆங், நின்னுச்சி!" என்று அறிவிப்பார். எண் நின்றதற்காகக் கிடங்கில் எல்லாருக்கும் தேநீர் வரும். எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாத கறுப்புத் தேநீர். ஆனி முடிவதற்குள் பத்துக் கிலோவில் பெரும்பகுதி போய்விட்டது. நான் மகிழ்ச்சியாக இருந்தேன். திரும்பி வரும் வழியில், வேனின் சன்னலைத் திறந்துவைத்து, ஆரணியாற்றுக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வருவது அந்த ஆண்டின் இனிய நினைவுகளில் ஒன்று.

ஆடி பிறந்தது. கடைசிக் கட்டமாக, குடிப்பனவற்றை மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மோர், பருப்புத் தண்ணீர், ரசம், கொழுப்பு நீக்கிய பால். முதல் சில நாள் கடினமாக இருந்தது. பிறகு வயிறு கேட்பதை நிறுத்திவிட்டது.

எங்கள் பகுதியை அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் வழியில் பெரியபாளையம் இருக்கிறது. ஆடி ஞாயிற்றில் பெரியபாளையத்தைக் கடப்பது எளிதன்று. வேப்பிலையை ஆடையாக உடுத்தியவர்களும், தலையில் பொங்கல் பானை சுமந்தவர்களும், குடும்பத்தோடு லாரியில் வந்திறங்கியவர்களும் சாலையை நிறைத்திருப்பார்கள். வண்டிகள் ஊர்ந்துதான் செல்லும். சாலையோரப் பந்தல்களில் அம்மனுக்குப் படைத்த கேழ்வரகுக் கூழை வண்டி சன்னல் தேடி வந்து ஊற்றுவார்கள். அம்மன் கூழை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இல்லை.

முதல் பந்தலில் சொம்பு நீண்டபோது நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"கூழு திங்கிறதா, குடிக்கிறதா?" என்றார்.

"குடிப்பது."

"அப்புறம் இன்னா? குடிக்கிறதுதானே டாக்டர் சொன்னாரு. வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டேன். அடுத்த பந்தலிலும் வாங்கிக்கொண்டேன். புளித்த மாவின் மணமும், நறுக்கிப் போட்ட வெங்காயமும், மோரும் சேர்ந்த அந்தச் சுவை நாக்கில் படாமல் எனக்கு எந்த ஆடியும் கழிந்ததில்லை. வாரநாள்களிலும் ஒவ்வொரு தெருவாகக் கூழ் வார்த்தார்கள். எதிர்வீட்டுப் பெண் தூக்குநிறையக் கொண்டுவந்து வைத்தாள். பருப்புத் தண்ணீருக்கு மாற்றாக அம்மனே கூழை அனுப்புகிறாள் என்று நாங்கள் மூவரும் மனம் நிறைந்து பேசிக்கொண்டோம். மருத்துவர் சொன்னதை மீறுகிறோம் என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை. மென்று தின்னாத எதுவும் குடிப்பதுதானே!

அடுத்த ஞாயிறு எடை மேடையில் நின்றேன். எண்கள் எளகின, நின்றன.  கணவர் பெட்டியின் அருகே சென்று எண்ணை உற்றுப் பார்த்தார். எடை ஏறியிருந்தது.

"பாய்," என்றார் கணவர். "உன் மெஷினு ஏமாத்துது."

பாயின் முகம் சிவந்தது. அவர் கிடங்கின் எடை மேடையை முன்பு எவர் எவரோ குறை சொல்லியிருக்கலாம். என் கணவர் சொன்னதில்லை. "இன்னா நைனா சொன்ன? என் மெஷினா? டேய், எடைக்கல்ல எடுத்துக்கினு வாங்கடா!" என்றார். முத்திரை வைத்த எடைக்கற்களை ஒவ்வொன்றாக மேடையில் அடுக்கச் செய்தார். எண்கள் மயிரிழையும் பிசகவில்லை. என் கணவர் தலைகுனிந்து நின்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பத்துக் கிலோ கைக்கெட்டும் தொலைவில் வந்துவிட்டு விலகுகிறது. ஆடி முடிய நாள்கள் அதிகமில்லை. விடியற்காலை ஐலசா இனி எத்தனை ஆண்டு?

பாய் கோபம் தணிந்து கேட்டார். "டீச்சரம்மா, இந்த வாரம் இன்னா சாப்ட்டீங்க?"

"ஒன்றும் சாப்பிடவில்லை பாய். மோர், ரசம். அப்புறம் கூழ்."

"கூழா?"

"அம்மன் கூழ். குடிக்கிறதுதானே?"

பாய் தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். வெற்றிலைச் சாறு லுங்கியில் தெறித்தது. "அய்ய! எங்க நோன்புக் கஞ்சி மட்டும் இன்னா? அதுவும் குடிக்கிறதுதான். நோன்பு மாசம் பூரா பகல்ல பட்டினி. பொழுது சாஞ்சா கஞ்சி, இன்னும் ஒரு கிண்ணம் கஞ்சி. பெருநாளைக்கு எடுத்த சட்ட எனக்கு ஒரு வருசமாவது சேர்ந்துகீதா? மாவு மாவுதாம்மா. தண்ணியா ஊத்தினா மட்டும் போயிடுமா?"

கணவர் என்னைப் பார்த்தார். வாக்கரை எடுத்துக்கொடுத்தார். வேனில் ஏறிய பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. "முப்பது வருசம் மண்ண கழிச்சேன். கூழ கழிக்க மறந்துட்டேனே," என்றார். பெரியபாளையத்தில் சன்னல்களை ஏற்றிக்கொண்டு, புழுக்கத்தில் வியர்த்தபடியே கடந்தோம். பந்தலில் சொம்பை நீட்டியவர்கள் எங்களை வெளியூர்க்காரர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

கூழ்தான் காரணம் என்று கேட்டதும் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மன் கூழு எடைய ஏத்துமா? நல்லா கீது ஞாயம்! அடுத்த ஞாயித்துக்கெழம நம்ம தெருவுல ஊத்தறோம். தெருவுலயே மூத்தவங்க நீங்க. மொத சொம்பு உங்களுக்குத்தானே தரணும்? நீங்க வேணான்னா நாங்க யாராண்ட போறது?"

"வாங்கினால் குடிக்கவேண்டுமே. குடித்தால் எனக்கு அறுவை இல்லையே," என்றேன்.

"குடிக்காதவங்க வந்து ஊத்துங்க அப்போ!" என்று சொல்லிவிட்டு மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு விடுவிடென்று போனாள்.

இடக்காகச் சொன்னதுதான். ஆனால் அவள் போன பிறகு அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. எங்கள் தெருவில் ஒரு முறை உண்டு. கூழ் ஊற்றும் சொம்பைப் பிடித்தவர், வந்தவர் அனைவருக்கும் ஊற்றி முடிக்கும்வரை தாம் குடிக்கக் கூடாது. அண்டா காலியாகிவிட்டால் அவருக்கு இல்லை. அதை எவரும் குறையாக எண்ணுவதில்லை. மாலையில் அவளைக் கூப்பிட்டு, நான் ஊற்றுகிறேன் என்றேன்.

அவள் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.  "நிக்கமுடியுமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஞாயிறு கும்மிடிப்பூண்டிப் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளிவைத்தோம். தெருமுனைக் கோயிலின் எதிரே வேப்பிலை கட்டிய அண்டாவை ஒரு மேசையின் பக்கத்தில் உயரம் பார்த்து வைத்தார்கள். மேசைமேல் இடக்கையை ஊன்றிக்கொண்டு, வலக்கையில் சொம்போடு நின்றேன். முதுகுக்குப் பின்னால் கணவர் ஒரு நாற்காலியைப் போட்டிருந்தார். உட்காரமாட்டேன் என்று நான் எவரிடமும் சூளுரைக்கவில்லை. உட்கார நேரம் கிடைக்கவில்லை என்பதே உண்மை. தூக்குகளும் குவளைகளும் குடங்களும் நீண்டுகொண்டே இருந்தன. கடம்பத்தூர்ப் பள்ளியில் என்னிடம் படித்த பெண்ணொருத்தி, கையில் குழந்தையோடு வந்தவள், "டீச்சர், இன்னும் நின்னுக்கினுதான் கீறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தூக்கை நீட்டினாள். நானும் ஊற்றிக்கொண்டே, "ஆமாம்மா, பழக்கம்," என்றேன். முழங்கால் நொந்தது, ஆனால் எடை மேடையில் அசையாமல் நின்று நின்று, நோவுக்குள்ளேயே நிற்பது எப்படி என்பதைக் கால்கள் கற்றிருந்தன. பாயின் குரல் காதில் ஒலித்தது. "இன்னும் கொஞ்சம் கெட்டியா நில்லுங்கம்மா."

கடைசியில் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். அண்டாவின் அடியில் இன்னும் இரண்டு சொம்புக் கூழ் இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தன் வீட்டிலிருந்து மாவுப் பாத்திரத்தையே கொண்டுவந்து, அண்டாவைச் சாய்த்து, துளி விடாமல் வழித்து ஊற்றிக்கொண்டாள்.

"அக்காவுக்கு இல்ல," என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள். "அண்டா காலி!"

பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மறுநாள் கும்மிடிப்பூண்டியில் பார்த்ததுதான், மருத்துவரிடம் செல்வதற்கு முந்திய கடைசி எடை. மேடையில் நின்றேன். எண்கள் எளகவே இல்லை, நின்றவுடன் நிலைகொண்டன. வாக்கரைக் கழித்துப் பார்த்தால், பத்துக் கிலோவுக்கு முக்கால் கிலோ பாக்கி.

"பத்துன்னு சொல்லேன் நைனா," என்றார் பாய். "பொடவை மட்டும் முக்கா கிலோ இருக்காதா? டாக்டரு இன்னா இங்க வந்து பார்க்கப்போறாரா?"

கணவர் தூணில் சாய்ந்துகொண்டு எண்களைப் பார்த்தார். அவர் மனத்தில் என்ன நடந்தது என்பதை நான் அறிவேன். அந்த முக்கால் கிலோவால் அறுவை தள்ளிப்போனால், நாளை விடியற்காலையும் அதற்கடுத்த விடியற்காலையும் அவர் கையால் தூக்கவேண்டியது என் உடம்பு. அவர் ஒருவர் சொல்லைத்தான் மருத்துவர் கேட்கப்போகிறார். மருத்துவமனைப் பொறியில் படியேறி நிற்க என்னால் முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

"முக்கா கிலோ பாக்கி," என்றார். "அப்டித்தான் சொல்லுவேன்."

"நீ திருந்தவே மாட்டே," என்றார் பாய், பெருமையோடு.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் பத்து என்று சொல்லியிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

மறுநாள் மருத்துவரின் அறையில் அப்படியே சொன்னார். மருத்துவர் கணக்கைக் கேட்டுவிட்டுத் தாளை ஒதுக்கிவைத்தார். "இருக்கட்டும் சார். நான் பார்க்க வேண்டியது இன்னொண்ணு. அம்மா, எழுந்திருங்க பார்ப்போம்."

நாற்காலியின் கைப்பிடிகளை அழுத்தி, முன்னால் சாய்ந்து, மூச்சை இழுத்து, எழுந்தேன். வாக்கரை முன்னே நகர்த்தி, அறையைவிட்டு வெளியே வந்து, நடைக்கூடத்தின் கடைசிச் சன்னல்வரை சென்றேன். சன்னலைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். மருத்துவர் அறை வாயிலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பங்குனியில உங்களைப் பிடிக்க ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு. இப்போ எப்படிம்மா இது?"

"தெருவுக்கெல்லாம் கூழ் ஊற்றினேன்," என்றேன்.

அவர் புரியாமல் கணவரைப் பார்த்தார். கணவர் பெரியபாளையத்திலிருந்து தொடங்கிச் சொல்ல ஆரம்பித்தார். கூழைக் கழிக்க மறந்ததையும் ஒளிக்கவில்லை. மருத்துவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, கல்லீரல் சுருங்கியிருக்கிறது, முக்கால் கிலோவை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, ஆவணியில் நாள் குறித்தார்.

அறுவைக்கு முந்திய நாளே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் என்னை அறுவைக்கு அழைத்துச்செல்லச் செவிலியர் ஒருவர் சக்கர நாற்காலியோடு வந்தார். துணைக்கு இரு பணியாளர்கள். அவர்களுக்கு முன்னால் கணவர் கட்டிலருகே வந்துவிட்டார். பழக்கத்தில் தம் பாதத்தைக் கட்டில் காலில் அண்டக்கொடுத்து, இரு கைகளையும் என்னை நோக்கி நீட்டினார்.

"கைய எடுங்க," என்றேன். "கை வெச்சா எடை தப்பாப் போவும்."

அவர் சற்றுத் திகைத்தார். பிறகு சிரித்துவிட்டு, இரண்டடி பின்வாங்கி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பணியாளர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார். நான் கட்டிலின் விளிம்பை அழுத்தினேன், மூச்சை இழுத்தேன், எழுந்து நின்றேன்.